வீட்டுக்கு ஒரு சேமிப்பகம் – பெட்டியை வாங்குமுன் ஒரு தாள் கணக்கு



கைப்பேசியில் இடம் இல்லை; மடிக்கணினியில் இடம் இல்லை; எந்த விரலியில் எந்த ஆண்டின் பயிற்றி இருக்கிறது என்பதும் தெரியவில்லை. ஆசிரியர் அறையிலும் பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்திலும் இப்போது அடிக்கடி கேட்கும் முறையீடு இது. அதற்கு அடுத்து ஒரு கேள்வியும் வரும்: “வீட்டில் ‘நாஸ்’ என்று ஒன்று வைத்துக்கொள்கிறார்களாமே, அதை வாங்கலாமா?”

எங்கள் வீட்டிலும் இந்தக் கேள்வி எழுந்தது. மூன்று மாதம் படித்தும் கேட்டும் விவாதித்தும் ஒரு முடிவுக்கு வந்தோம். நான் கணினித் துறை வல்லுநர் அல்லள், தொடக்கப்பள்ளி ஆசிரியை. ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் பயின்ற காலத்தில் 1.44 மெகாபைட் நெகிழ்வட்டில் பாடத்திட்டம் சேமித்தவள். இன்று கைப்பேசியில் 4கே தரத்தில் எடுக்கும் காணொளி, நிமிடம் ஒன்றுக்கு 170 முதல் 350 மெகாபைட் வரை பிடிக்கிறது. அந்த ஒரு நிமிடத்துக்கே நூற்றுக்கும் மேற்பட்ட நெகிழ்வட்டுகள் வேண்டியிருக்கும். நம் வீடுகளில் இடம் போதாமற் போவதில் வியப்பில்லை.

நாங்கள் எப்படித் தேர்ந்தோம் என்பதை இங்கே முறைப்படுத்தி எழுதுகிறேன். உங்கள் முடிவு வேறாக இருக்கலாம். கணக்குப் போடும் வழி உதவக்கூடும்.

‘நாஸ்’ என்பது என்ன?

பெயரைக் கேட்டு மலைக்க வேண்டியதில்லை. இரண்டு வன்தட்டுகளோ நான்கு வன்தட்டுகளோ செருகிய ஒரு சிறிய பெட்டி அது. அதற்குள் ஒரு சிறு கணினியும் உண்டு. திரையும் தட்டச்சுப் பலகையும் மட்டும் இல்லை. வீட்டின் இணைய ரவுட்டருடன் ஒரு கம்பியால் இணைத்துவிட்டால், வீட்டிலுள்ள கணினி, கைப்பேசி, தொலைக்காட்சி ஆகிய அனைத்தும் அந்தப் பெட்டியிலுள்ள கோப்புகளைத் திறக்கலாம். சாதாரண வெளி வன்தட்டை ஒரு கணினியில் செருகினால் அந்தக் கணினிக்கு மட்டுமே பயன்படும். இதுவோ வீட்டுக் கூடத்தில் வைத்த நூலக அலமாரி போன்றது, எல்லாருக்கும் பொது.

சைனாலஜி, கியூநேப், அசஸ்டோர், டெர்ராமாஸ்டர், யூகிரீன் முதலிய நிறுவனங்கள் இத்தகைய பெட்டிகளைச் செய்கின்றன. பழைய கணினி ஒன்றில் ‘ட்ரூநாஸ்’ போன்ற இலவச மென்பொருளை நிறுவித் தாமே உருவாக்கிக்கொள்வோரும் உளர். என் அண்ணன் மகன் அதைத்தான் பரிந்துரைத்தான். “அத்தை, காசு மிச்சம்” என்றான். உண்மைதான். ஆனால் பழுதாகும் நாளில் அவனைத்தான் தேட வேண்டும். அவன் ஜோகூரில் படிக்கிறான்.

முதலில் ஒரு தாள்

என் கணவர் கடையில் விசாரித்துவிட்டு வந்தார். நான்கு வன்தட்டு கொள்ளும் பெரிய பெட்டியே அவருடைய விருப்பம். வீட்டிலுள்ள பழைய தமிழ்ப் படங்கள் அனைத்தையும் ஏற்றி, கூடத்துத் தொலைக்காட்சியில் நினைத்த நேரத்தில் பார்க்க வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் ஆசை. “வாங்குறதுதான் வாங்குறோம், பெருசா வாங்கிடலாமே” என்றார்.

“கொஞ்சம் பொறுங்க. என்ன இருக்குன்னு முதல்ல எழுதிப் பார்ப்போம்” என்றேன். ஆசிரியைக்கு எதற்கும் ஒரு தாளும் கட்டங்களும் வேண்டும் அல்லவா?

தாளை நான்கு கட்டங்களாகப் பிரித்தேன்.

முதற்கட்டம்: போனால் மீண்டும் கிடைக்காதவை. பிள்ளைகள் பிறந்தது முதல் எடுத்த நிழற்படங்கள், குடும்பக் காணொளிகள், காலமான என் தந்தையார் தோட்ட வாழ்க்கையைப் பற்றிப் பேசிய ஒலிநாடாக்களின் மின்பதிவுகள், எங்கள் பள்ளி தோட்டத்திற்குள் இருந்த காலத்துப் படங்கள். எல்லாம் கூட்டினால் ஏறத்தாழ 1,080 ஜிகாபைட்.

இரண்டாம் கட்டம்: உழைத்தால் மீண்டும் உருவாக்கக் கூடியவை. பயிற்றிகள், பாடத்துணைப் பொருள்கள், கதை சொல்லும் போட்டிக்கும் பேச்சுப் போட்டிக்கும் எழுதிய உரைகள். 70 ஜிகாபைட்.

மூன்றாம் கட்டம்: வேறிடத்தில் கிடைக்கக் கூடியவை. திரைப்படங்கள், பாடல்கள். 1,400 ஜிகாபைட்.

நான்காம் கட்டம்: வைத்திருக்கவே தேவையில்லாதவை. ஒரே படத்தின் ஐந்து படிகள், புலனத்தில் வந்த காலை வணக்கங்கள், என்றோ பள்ளியை விட்டுச் சென்ற மாணவர்களின் மதிப்பெண் பட்டியல்கள். 2021-இல் யு.பி.எஸ்.ஆர். தேர்வு அகற்றப்பட்டது; அதற்கென நான் அடுக்கி வைத்திருந்த மாதிரித் தாள்களில் பெரும்பகுதியும் இந்தக் கட்டத்திற்கே வந்தது.

தாளைப் பார்த்தபின் வீட்டில் விவாதம் திசை மாறியது. எங்களிடம் அதிக இடத்தைப் பிடித்திருப்பவை வேறிடத்தில் கிடைக்கக் கூடியவையே. மீண்டும் கிடைக்காத தந்தையாரின் குரலும் பள்ளிப் படங்களும் வெறும் 30 ஜிகாபைட்; ஒரு விரலிக்குள் அடங்கிவிடும். அப்படியானால், எவ்வளவு பெரிய பெட்டி என்னும் கேள்விக்கு முன்னதாக, அந்த 30 ஜிகாபைட்டுக்கு எத்தனை படிகள் உள்ளன, அவை எங்கெங்கே உள்ளன என்று கேட்க வேண்டியிருந்தது.

ஏன் இத்தனை கவலை?

எனக்குத் தெரிந்த ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர், தாம் பணியாற்றிய தோட்டப் பள்ளியின் படங்களைப் பல ஆண்டுகளாகத் திரட்டி வந்தார். முன்னாள் மாணவர்களின் வீடுவீடாகச் சென்று பழைய வகுப்புப் படங்களை வாங்கி மின்வருடி, யார் யார் என்று பெயரெழுதி, ஒரே வெளி வன்தட்டில் சேமித்தார். 2016-இல் மலேசியத் தமிழ்க்கல்வியின் இருநூறாம் ஆண்டைக் கொண்டாடியபோது அவற்றிலிருந்து சில படங்களைப் பெரிதாக்கிக் கண்காட்சிக்கு வைத்தோம். அடுத்த சில ஆண்டுகளில் அந்த வன்தட்டு ஒரு நாள் ‘டிக், டிக்’ என்று ஒலித்தது; பிறகு திறக்கவே இல்லை. மீட்டுத் தரும் கடையில் பெருந்தொகை கேட்டார்கள். மீட்க முடியும் என்ற உறுதியும் தரவில்லை.

தோட்டம் இன்று இல்லை. அங்கே வீடமைப்புப் பகுதி எழுந்துவிட்டது. படம் கொடுத்த முதியவர்களில் சிலரும் இப்போது இல்லை. கண்காட்சிக்காக எனக்கு அனுப்பிய 42 படங்கள் மட்டும் என்னிடம் தப்பியிருக்கின்றன. பாதுகாக்க வேண்டும் என்று யாரும் திட்டமிட்டு அவற்றை எனக்குத் தரவில்லை. இன்னோர் இடத்தில் இன்னொரு படி இருந்தது, அதனால் பிழைத்தன.

இருக்கும் வழிகள் போதாவா?

விரலியும் அட்டையும் எடுத்துச் செல்வதற்கு ஏற்றவை. நெடுங்காலம் வைத்திருப்பதற்கு ஏற்றவை அல்ல. மின்சாரம் இன்றிப் பல ஆண்டுகள் கிடந்தால் அவற்றிலுள்ள மின்னூட்டம் மெல்லக் கசிந்து, தரவு கெடலாம். நாமே பதிந்த டிவிடி வட்டுகளின் சாயப் பூச்சு, நம் நாட்டு வெப்பத்திலும் ஈரப்பதத்திலும் கெட்டுவிடக் கூடும்.

மேகச் சேமிப்பு வசதியானது. ஆனால் அதன் விதிகள் நம் கையில் இல்லை. கூகிள் போட்டோஸ் வழங்கிய வரம்பற்ற இலவச இடம் 2021 ஜூன் முதல் நாளுடன் முடிந்தது. அதன் பிறகு ஏற்றுபவை பொதுவான 15 ஜிகாபைட் கணக்கில் சேர்கின்றன. நம் பள்ளிகளில் பயன்படுத்திய ஃபுரோக் மெய்நிகர் கற்றல் தளம் 2019-இல் முடிவுக்கு வந்ததையும், 2020-இல் டெலிமா அறிமுகமானதையும் ஆசிரியர்கள் அறிவர். தளங்கள் வரும், போகும். பணிக்காகக் கொடுத்த கணக்கு, பணி முடிந்தால் முடியும். சொந்தக் குடும்பப் படங்களைப் பணிக் கணக்கில் வைத்திருக்கும் நண்பர்கள் இதை ஒருமுறை எண்ணிப் பார்க்க வேண்டுகிறேன்.

இரண்டு வன்தட்டு இருந்தால் இரண்டு படியா?

இந்த இடத்தில்தான் பலரும் தடுமாறுகிறார்கள். ‘நாஸ்’ பெட்டியில் இரண்டு வன்தட்டுகளைச் செருகி ‘ரெய்டு 1’ என்னும் முறையில் அமைத்தால், ஒன்றில் எழுதுவது மற்றொன்றிலும் அதே நொடியில் எழுதப்படும். ஒரு வன்தட்டு பழுதானால் மற்றது தொடர்ந்து இயங்கும். பழுதானதை மாற்றிவிட்டால் போதும். நல்ல ஏற்பாடுதான்.

ஆனால் இதைக் காப்புப்படி என்று கொள்ளக்கூடாது. அந்தக் காலத்தில் கார்பன் தாள் வைத்து எழுதுவோமே, அதைப் போன்றது இது. மேல்தாளில் பிழையாக எழுதினால் கீழ்த்தாளிலும் அதே பிழை விழும். பிள்ளை ஒரு கோப்புறையைத் தவறுதலாக அழித்தால் இரண்டிலும் அழியும். பெட்டியைத் திருடன் தூக்கிச் சென்றால் இரண்டும் சேர்ந்தே போகும். ‘ரெய்டு’, வன்தட்டுப் பழுது என்னும் ஒரே ஓர் ஆபத்திலிருந்து மட்டுமே காக்கிறது.

இதற்கென ஒரு விதி வழங்குகிறது: ‘3-2-1’. பீட்டர் கிரோ என்னும் ஒளிப்படக் கலைஞரால் பரவலானது. மூன்று படிகள் இருக்க வேண்டும். அவை இரண்டு வகைச் சேமிப்பில் இருக்க வேண்டும். அவற்றுள் ஒன்று வீட்டுக்கு வெளியே இருக்க வேண்டும். வாய்பாடு போல் எளிதில் மனத்தில் நிற்கும். ‘ரெய்டு’ செய்த பெட்டி, உள்ளே எத்தனை வன்தட்டு இருந்தாலும், இந்தக் கணக்கில் ஒரு படிதான்.

எந்தப் பெட்டி, எந்த வன்தட்டு?

எங்கள் மொத்தம் 2,550 ஜிகாபைட். 4 டெராபைட் வன்தட்டுகள் இரண்டை ‘ரெய்டு 1’ முறையில் அமைத்தால் கிடைப்பது 4 டெராபைட்தான்; எட்டு அன்று. கணினியில் அது ஏறத்தாழ 3.6 என்று காட்டும். கடைக்காரர் ஏமாற்றிவிட்டார் என்று எண்ண வேண்டாம். உற்பத்தியாளர் ஆயிரத்தின் மடங்கில் எண்ணுகிறார். கணினி 1,024-இன் மடங்கில் எண்ணுகிறது. ஆண்டுக்கு 150 ஜிகாபைட் கூடினாலும், ஐந்தில் ஒரு பங்கைக் காலியாக விட்டாலும், எங்களுக்கு நான்கு ஆண்டுகளுக்குப் போதும். ஆகவே இரண்டு வன்தட்டுப் பெட்டியே போதுமென்று முடிவாயிற்று. நான்கு வன்தட்டுப் பெட்டிக்கு ஆகும் கூடுதல் பணத்தை வெளி வன்தட்டுகளுக்கு ஒதுக்கினோம்.

வன்தட்டு வாங்கும்போது ஒன்றைக் கட்டாயம் கேளுங்கள்: அது ‘சி.எம்.ஆர்.’ வகையா, ‘எஸ்.எம்.ஆர்.’ வகையா? இரண்டாம் வகையில் தரவுத் தடங்கள் கூரையில் ஓடு வேய்ந்ததுபோல் ஒன்றன்மேல் ஒன்று சற்றே ஏறி நிற்கும். குறைந்த இடத்தில் நிறைய எழுதலாம். ஆனால் ஓர் ஓட்டை மாற்ற அடுத்த ஓடுகளையும் கழற்றி மாட்ட வேண்டும். அதனால் தொடர்ந்து எழுதும்போது வேகம் குன்றும். பழுதான வன்தட்டை மாற்றி, புதியதில் தரவை மீண்டும் நிரப்பும் வேளையில் இது பெரிய இடையூறாகும். வெஸ்டர்ன் டிஜிட்டல் நிறுவனம் தன் ‘ரெட்’ வரிசையில் சிலவற்றில் இந்த முறையைக் கையாண்டது 2020-இல் வெளிப்பட்டுப் பெரும் விவாதமானது. அதன் பிறகு ‘ரெட் பிளஸ்’ என்னும் பெயரில் ‘சி.எம்.ஆர்.’ வகையைத் தனியே பிரித்துக் காட்டினார்கள். சீகேட்டின் ‘ஐயன்உல்ஃப்’ வரிசை ‘சி.எம்.ஆர்.’ வகையே. இவ்விரண்டுக்கும் மூன்றாண்டு உத்தரவாதம் உண்டு.

பெட்டி ஏற்கும் வன்தட்டுகளின் பட்டியலையும் பாருங்கள். சைனாலஜி நிறுவனம் 2025-இல் வெளியிட்ட ‘பிளஸ்’ வகைப் பெட்டிகளில் பிற நிறுவன வன்தட்டுகளுக்குக் கட்டுப்பாடு விதித்தது. எதிர்ப்பு மிகவே, அதே ஆண்டு அக்டோபரில் மென்பொருள் புதுப்பிப்பு வழியாக அதைத் தளர்த்தியது. இன்றுள்ள விதி நாளை மாறலாம் என்பதற்கு இதுவும் ஒரு சான்று.

மின்கட்டணம் எவ்வளவு வரும் என்று என் மாமியார் கேட்டார். நியாயமான கேள்வி. இத்தகைய சிறு பெட்டி 20 வாட் இழுப்பதாகக் கொள்வோம். ஒரு நாளைக்கு 24 மணி நேரம், 30 நாள்: 14.4 அலகு. அலகு ஒன்றுக்கு 45 சென் என வைத்தாலும் மாதத்திற்கு ஆறரை ரிங்கிட்டைத் தாண்டாது. ஆண்டு 5 கணிதப் பாடத்திற்கும் இது நல்ல கணக்குதான்!

படம் பார்ப்பதற்கு

என் கணவரின் ஆசையையும் மறக்கவில்லை. அண்மைக் காலத் தொலைக்காட்சிகள் பெரும்பாலான காணொளி வகைகளைத் தாமே இயக்குகின்றன. அந்த நிலையில் பெட்டிக்கு அதிக ஆற்றல் தேவையில்லை. அலமாரியிலிருந்து நூலை எடுத்துக் கொடுப்பது போலக் கோப்பை அனுப்பினால் போதும். தொலைக்காட்சிக்குப் புரியாத வகையாக இருந்து, பெட்டியே அதை உடனுக்குடன் மாற்றித் தர வேண்டியிருந்தால்தான் ஆற்றல்மிக்க செயலி வேண்டும். ஆகவே, வாங்குமுன் உங்கள் படங்களில் நான்கைந்தை விரலியில் ஏற்றித் தொலைக்காட்சியில் செருகிப் பாருங்கள். அவை ஓடினால், விலை குறைந்த பெட்டியே போதும்.

பெட்டியோடு வரும் காணொளிச் செயலியை மட்டும் நம்பி வாங்க வேண்டாம். சைனாலஜி தன் ‘வீடியோ ஸ்டேஷன்’ செயலியை 2024-இல் வெளியிட்ட புதுப்பிப்போடு நிறுத்திவிட்டது. ‘ஜெல்லிஃபின்’ என்னும் கட்டற்ற மென்பொருளும், ‘பிளெக்ஸ்’ என்னும் மென்பொருளும் அந்த இடத்தை நிரப்புகின்றன. படங்கள் பொதுவான கோப்பு வகையில் இருந்தால், செயலி மாறினாலும் நமக்கு இழப்பில்லை.

தமிழ்க் கோப்புகளுக்குத் தனிக் கவனம்

தமிழாசிரியர்களுக்கென்று ஒரு சிக்கல் உண்டு. ஒருங்குறி பரவுவதற்கு முன் நாம் தட்டச்சு செய்த கோப்புகள், ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வைத்த எழுத்துருக்களால் ஆனவை. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால், பொருளற்ற உரோமன் எழுத்துகளே தெரியும். கோப்பு பத்திரமாக இருக்கும், படிக்கத்தான் முடியாது. நூலைப் பூட்டி வைத்துவிட்டு மொழியைத் தொலைத்த கதைதான்.

ஆகவே அத்தகைய கோப்புகளை ஒருங்குறிக்கு மாற்றி ஒரு படியும், பி.டி.எஃப். வடிவில் ஒரு படியும் வைக்கிறேன். பழைய எழுத்துருக் கோப்பையும் அதே கோப்புறையில் போட்டுவிடுகிறேன். முத்து நெடுமாறன் உருவாக்கிய ‘முரசு அஞ்சல்’ மென்பொருளில் தட்டச்சு செய்த பயிற்றிகள் என்னிடமும் நிறைய உள்ளன. அவற்றை விடுமுறைதோறும் சிறிது சிறிதாக மாற்றி வருகிறேன். படங்களுக்கும் எண்கள் மட்டும் போதா. ‘2009-விளையாட்டுப் போட்டி-பச்சை இல்லம்’ என்று பெயரிட்டால், இருபது ஆண்டுக்குப் பின் தேடுபவர் நம்மை வாழ்த்துவார்.

இடி, வெள்ளம், கொள்ளை

உலகில் இடிமின்னல் மிகுந்த வட்டாரங்களுள் நம் கிள்ளான் பள்ளத்தாக்கும் ஒன்று. மாலை இடியில் ரவுட்டர் கருகிய வீடுகள் எங்கள் வரிசையிலேயே உண்டு. ஒளியிழைக் கம்பி மின்சாரத்தைக் கடத்தாது. ஆனால் மின்கம்பி வழியாக வரும் மின்னெழுச்சி பெட்டியைத் தாக்கலாம். ஆகவே ஒரு சிறு ‘யு.பி.எஸ்.’ வாங்குவதை ஆடம்பரம் என்று கருத வேண்டாம். மின்சாரம் தடைப்பட்டதும் யு.எஸ்.பி. கம்பி வழியாகப் பெட்டிக்குச் செய்தி சொல்லி, அதை ஒழுங்காக அணையச் செய்யும் வகையைத் தேர்ந்தெடுங்கள்.

2021 டிசம்பர் வெள்ளத்தை ஷா ஆலம், கிள்ளான் வட்டாரத்தில் வாழ்வோர் மறக்க முடியாது. தாமான் ஸ்ரீ மூடாவில் கூரை மட்டம் வரை தண்ணீர் ஏறிய வீடுகளைக் கண்டோம். அத்தகைய நாளில் வீட்டுக்குள் இருக்கும் படிகள் மூன்றானாலும் முப்பதானாலும் ஒன்றுதான்.

இணையத்திலிருந்து வரும் ஆபத்து வேறு வகையானது. 2021 ஜூனில், வெஸ்டர்ன் டிஜிட்டலின் ‘மை புக் லைவ்’ என்னும் பழைய சேமிப்புக் கருவிகள் பல, தொலைவிலிருந்து வந்த கட்டளையால் ஒரே நாளில் வெறுமையாயின. 2015-க்குப் பின் அவற்றுக்கு மென்பொருள் புதுப்பிப்பே வந்ததில்லை. 2022 ஜனவரியில், இணையத்திற்கு நேரடியாகத் திறந்து வைக்கப்பட்ட கியூநேப் பெட்டிகளை ‘டெட்போல்ட்’ என்னும் பிணைக்கொள்ளை நிரல் பூட்டிவிட்டு, பிட்காயின் கேட்டது. பாடம் தெளிவு: வெளியிலிருந்து திறக்கும் வசதி கட்டாயத் தேவையாக இல்லாவிட்டால் அதை அணைத்து வையுங்கள், புதுப்பிப்புகளைத் தள்ளிப் போடாதீர்கள், எத்தனை ஆண்டு புதுப்பிப்பு வரும் என்பதை வாங்குமுன் பாருங்கள். ‘ஸ்னாப்ஷாட்’ வசதி உள்ள பெட்டியானால் அழித்த கோப்பின் முந்தைய நிலைக்குத் திரும்பலாம்.

மாணவர் தொடர்பான கோப்புகளைக் குடும்பப் பொதுக் கோப்புறையில் வைக்காமல், எனக்கு மட்டும் திறக்கும் தனிக் கோப்புறையில் வைத்திருக்கிறேன். பிறர் வீட்டுப் பிள்ளையின் மதிப்பெண்ணும் படமும் நம் கூடத்துத் தொலைக்காட்சியில் வரக்கூடாது.

எங்கள் ஏற்பாடு

இறுதியாக நாங்கள் செய்தது இதுதான். இரண்டு வன்தட்டுப் பெட்டி ஒன்று, 4 டெராபைட் வன்தட்டுகள் இரண்டு, 2 டெராபைட் வெளி வன்தட்டுகள் இரண்டு, ஒரு ‘யு.பி.எஸ்.’ முதல் இரு கட்டங்களும் சேர்ந்து 1,150 ஜிகாபைட்தான்; எனவே 2 டெராபைட் வெளி வன்தட்டில் தாராளமாக அடங்கும். திரைப்படங்களுக்குப் பெட்டியில் இடமுண்டு, காப்புப்படி கிடையாது. என் கணவர் சிரித்துக்கொண்டே ஒப்புக்கொண்டார்.

வெளி வன்தட்டுகளில் ஒன்று எங்கள் வீட்டில்; மற்றொன்று ஈப்போவில் என் அண்ணன் வீட்டு அலமாரியில். ஒவ்வொரு பள்ளி விடுமுறைக்கும் அண்ணன் வீட்டுக்குப் போவது வழக்கம். போகும்போது புதிதாகப் படியெடுத்த வன்தட்டைக் கொண்டு செல்கிறேன். அங்குள்ளதை எடுத்து வருகிறேன். அண்ணியார் பலகாரம் கொடுத்தனுப்பும் பையிலேயே அதுவும் வந்து சேர்கிறது.

இதை இணையம் வழியாகச் செய்யலாகாதா என்று கேட்கலாம். விநாடிக்கு 50 மெகாபிட் ஏற்றுவேகம் உள்ள இணைப்பில் 1 டெராபைட் ஏற்ற, இடைவிடாமல் ஏறக்குறைய 44 மணி நேரம் ஆகும். வீட்டுக்குள் கம்பி வழியாகப் படியெடுக்க இரண்டரை மணி நேரம்தான். ஆகவே அந்த 30 ஜிகாபைட்டை மட்டும், அதாவது தந்தையாரின் குரலையும் பள்ளிப் படங்களையும், கட்டணம் செலுத்தும் மேகச் சேமிப்பிலும் வைத்தோம்.

படியெடுத்ததோடு கடமை முடியவில்லை. விடுமுறைதோறும் வெளி வன்தட்டிலிருந்து பத்துக் கோப்புகளைத் திறந்து பார்க்கிறேன். திறந்து பார்க்காத காப்புப்படி, திருத்தாத பயிற்சிப் புத்தகத்தைப் போன்றது. உள்ளே என்ன இருக்கிறது என்பது யாருக்கும் தெரியாது.

எல்லாம் முடிந்தது என்று நான் மனநிறைவோடு இருந்த மாலையில், படிவம் 4-இல் பயிலும் என் மகள் கேட்டாள்: “எல்லாம் சரிம்மா. பாஸ்வோர்ட் உங்களுக்கு மட்டும்தானே தெரியும். நீங்க இல்லாதப்ப தாத்தா பேசினதைக் கேக்கணும்னா நான் என்ன செய்யறது?”

எந்தக் கடைக்காரரும் எழுப்பாத கேள்வி அது. அன்றிரவே ஒரு தாளில், பெட்டி எங்கே இருக்கிறது, எப்படித் திறப்பது, கடவுச்சொல் என்ன, ஈப்போவில் யாரிடம் மற்றொரு படி உள்ளது என்பதைக் கையால் எழுதி, வீட்டுப் பத்திரங்களோடு வைத்தேன். பிறகு அவளையே அமரவைத்து, நான் வாய் திறவாமல், அந்தத் தாளை மட்டும் பார்த்துத் தாத்தாவின் பதிவைத் திறக்கச் சொன்னேன். இரண்டு இடங்களில் தடுமாறினாள். அந்த இரண்டு வரிகளையும் திருத்தி எழுதினேன். மறுமுறை திறந்தாள், பால்மரம் வெட்டப் போன விடியற்காலைகளைப் பற்றி அவள் தாத்தா பேசத் தொடங்கினார். அவர் மறைந்தபோது அவளுக்கு இரண்டு வயது.

அன்பர்களே, வரும் விடுமுறையில் கடைக்குப் போவதற்கு முன் ஒரு தாளை எடுத்துக் கட்டங்களைப் போடுங்கள். முதற்கட்டத்தில் வருபவற்றுக்கு இன்று எத்தனை படிகள் உள்ளன என்று எண்ணுங்கள். ஒன்றுதான் என்றால், அன்றே ஒரு வெளி வன்தட்டில் இன்னொரு படி எடுத்து, உடன்பிறந்தவர் வீட்டில் கொடுத்து வையுங்கள். பெட்டியைப் பிறகு நிதானமாகத் தேர்ந்துகொள்ளலாம்.

அன்புடன்,
ஒரு தமிழ்ப்பள்ளி ஆசிரியை